பத்தொன்பதாம் வரியில் இருந்த பெயர்

முகிலா,

வீடு முதலா, வீட்டுப் பத்திரத்தில் எழுதப்படும் பெயர் முதலா? போன ஞாயிற்றுக்கிழமை புந்தோங்கில் கட்சி அலுவலகத்தின் படிக்கட்டில் இறங்கும்போது நீ என்னிடம் கேட்டாய். நான் கைப்பையில் கார் சாவியைத் தேடுவதுபோல் பாவனை செய்து தப்பித்துக்கொண்டேன். ஆறு நாள் ஆகிவிட்டது. மருந்துக்கடையில் ஆள் இல்லாத நேரங்களில் எல்லாம் அதையே யோசித்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் அம்மா ஒரு தீர்ப்பு வைத்திருப்பாள் என்று நினைத்துப் புரட்டிப் பார்க்காதே.

நாளை ஈப்போவில் மாநில மாநாடு. இளைஞர் பிரிவின் சார்பில் மேடையேறி, மகளிர் பிரிவு கொண்டுவரும் தீர்மானத்தை நீ எதிர்த்துப் பேசப் போகிறாய். விஷயம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் என் மொழியில் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ரப்பர் பால்மரங்களைச் சாய்த்து எத்தனையோ வருடமாகிவிட்ட அந்தத் தோட்டத்தின் லயங்களில், அந்தப் பழைய வரிசை வீடுகளில், இன்னும் அறுபத்து நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. நிலத்தை வாங்கிய டெவலப்பர் அவர்களை வெறுங்கையோடு அனுப்பப் பார்த்தார். நம் கட்சி ஆறு வருடம் விடாமல் நின்றதில், குடும்பத்துக்கு ஒரு வீடு என்று இப்போது எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மாதக் கடைசிக்குள் படிவங்களைக் கொடுத்துவிட வேண்டும். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு. அங்கே கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால்தான் படிவத்தைக் கொடுக்கலாம் என்பது தீர்மானம். அதைக் கொண்டுவருபவர் பாக்கியம் அக்கா. தலைவரும், நீயும், செயற்குழுவில் பாதிப் பேரும் சொல்வது: முதலில் கூரை வரட்டும்.

உன் பேச்சை எழுதி எனக்குப் படிக்கக் கொடுத்தாய். நன்றாக இருக்கிறது. உணர்ச்சியைக் கூட்டாமல், காரணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறாய். என் மகன் இப்படி எழுதுவான் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லவில்லை, இரண்டு தடவை படித்தேன். ஆனால் மூன்றாம் பத்தியில் நின்றுவிட்டேன். கட்சி அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறதே ஒரு பட்டியல், இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கோலா கங்சார் போகும் வழியில் இருந்த தோட்டத்து மக்களுக்கு நாம் வாங்கிக் கொடுத்த ஐம்பத்திரண்டு வீடுகளின் பட்டியல், அதை நாளை கழற்றி எடுத்துப் போய் மேடையில் தூக்கிக் காட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். ‘பெயர்ச் சண்டை போடாமல் வேலையை முடித்தவர்களின் கையெழுத்து இது’ என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். உன் கருத்தை மாற்ற அல்ல. நீ எதைத் தூக்கிக் காட்டப் போகிறாய் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு அடுத்த மாதம் ஐம்பது. கூட்டங்களில் நான் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாராவது ‘புரட்சி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினால் கைப்பையைத் திறந்து மூடுவேன் என்று உன் அப்பா கிண்டல் செய்வார். எனக்கு எந்தப் பிரிவின் மேலும் முழு நம்பிக்கை வந்ததில்லை. மகளிர் பிரிவு சொல்வதாலேயே ஒன்று சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. நாளை தீர்மானம் நிறைவேறி, டெவலப்பர் அதையே சாக்காக வைத்துப் பின்வாங்கினால், மழையில் ஒழுகும் அந்த லயத்தில் படுக்கப் போவது நாம் யாரும் இல்லை. அப்படிப்பட்ட நான் போன ஞாயிற்றுக்கிழமை வியந்துபோய் உட்கார்ந்திருந்தேன். என் வயதில் வியப்பு எளிதில் வருவதில்லை. வந்தால் அதை எங்கே வைப்பது என்றும் தெரிவதில்லை.

அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். மின்விசிறி இரண்டில் ஒன்று ஓடவில்லை. கீழே டயர் கடையில் யாரோ சக்கரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். தலைவர் மாசிலாமணி அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “ஆறு வருசமா இழுத்தடிச்சான். இப்பதான் கைய நீட்டியிருக்கான். நீட்டுன கையில மோதிரம் இல்லன்னு இப்ப சண்டை போடலாமா?” என்றார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “மோதிரம் யாரு கேட்டா அண்ணே? எங்களுக்கும் ஒரு கை இருக்குன்னுதான சொல்றோம்” என்றது. அதற்கு ஆண்கள் பக்கமிருந்து ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் தோளில் தட்டி, “மச்சான், வீட்டுல உன் பேச்சே செல்லாது. பாரத்துலயாவது உன் பேரு இருக்கட்டும் லா!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கிண்டலுக்கு ஆளானவரும் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

நீ மட்டும் சிரிக்கவில்லை. “அக்கா, நீங்க கேக்குறது தப்புன்னு நான் சொல்லல. மொதல்ல சாவிய வாங்கிருவோம். பேரு அப்புறம் சேத்துக்கலாம். ரெண்டு பேருன்னு போனா, கல்யாணத்தப் பதியாதவங்க, பிரிஞ்சு இருக்கவங்க, ஐசி கார்டு இல்லாதவங்கன்னு ஒவ்வொருத்தரா நோண்டுவான். நம்மளே அவனுக்கு வழி காட்டுன மாதிரி ஆயிரும்” என்றாய். நியாயமான பேச்சு. எத்தனை குடும்பங்களில் கல்யாணம் கோயிலோடு நின்றுவிட்டது, பதிவு அலுவலகம் வரை போகவில்லை என்று உனக்குத் தெரிந்த அளவு அந்த அறையில் யாருக்கும் தெரியாது. வீடு வீடாகப் போய் விசாரித்தவன் நீ.

பாக்கியம் அக்கா உட்கார்ந்தபடியே கேட்டார். “சாவிய யாரு கையில குடுப்பான் தம்பி?”

“வீட்டுல உள்ளவங்க கையிலதான்க்கா.”

“நாங்களும் வீட்டுலதான இருக்கோம்?”

அப்புறம்தான் எழுந்து நின்றார். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். அந்த நீலச் சட்டையை மாற்றக்கூட இல்லை. “தோட்டத்துல விடியுமுன்ன பெரட்டு. எல்லாரும் வரிசையா நிக்கணும். கிராணி புத்தகத்தப் பிரிச்சி வச்சிக்கிட்டு ஒவ்வொரு பேரா கூப்பிடுவாரு. பாக்கியம்னா, நான் ‘இருக்கேங்க’ன்னு சொல்லணும். சொல்லலன்னா அன்னிக்கு வேலை இல்ல. எம் புருசன் பேரக் கூப்பிட்டு என்னைய பால்மரம் வெட்ட அனுப்புனதே இல்ல. வேலைக்கு எம் பேரு வேணும், வீட்டுக்கு மட்டும் வேணாமா? அந்த வெள்ளக்காரன் கம்பெனிக்கு இருந்த புத்தி, நம்ம கட்சிக்கு இருக்கக் கூடாதா அண்ணே?”

தலைவர் “மாநாட்டுல பேசுவோம், பாக்கியம்மா” என்று கூட்டத்தை முடித்தார். மற்றவர்கள் தேநீருக்காக எழுந்தபோதும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் பேசியதை நினைத்து மட்டும் அல்ல. பேசாமல் விட்டதை நினைத்து. தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே ஜெயித்திருக்கலாம். நீ அதைக் கவனித்திருக்க முடியாது. சுங்கை சிப்புட்டில் ஒரு பின்னறையில் வாடகைக்கு இருப்பவர் என்றுதான் உனக்கு அவரைத் தெரியும். அவருக்கு ஒரு வீடு இருந்தது என்பதே உனக்குத் தெரியாது.

முகிலா, சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பட்டியல் என் கையெழுத்து.

உனக்கு அடையாளம் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, அச்சடித்ததுபோல் எழுதினேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பல்கலைக்கழகத்தில் படித்தவள் கட்சியில் நான் ஒருத்திதான் என்பதால், எழுதுகிற வேலை எல்லாம் என்னிடம் வந்தது. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. உனக்கு இரண்டு வயது. வீட்டில் விட ஆள் இல்லாததால் உன்னையும் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தோட்டத்துக்குப் போவேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. நீளமான மேசை. அங்கேதான் பட்டியல் உருவாயிற்று.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, வீட்டுப் புத்தகத்தின் நகலை எங்களிடம் கொடுத்திருந்தார். ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் எதிரே, அந்த வீடு எந்த வேலையாளுக்குக் கொடுக்கப்பட்டதோ அவர் பெயர். பெரும்பாலும் ஆண்கள். சில வீடுகள் பெண்கள் பெயரில் இருந்தன. சிலர் கணவனை இழந்தவர்கள். சிலருடைய கணவன்மார் தோட்டத்தில் வேலை செய்யாமல் வெளியே லோரியிலும் பட்டறையிலும் இருந்தார்கள். அவர்களுக்குத் தோட்டம் வீடு கொடுக்காது, மரப்பட்டையை வெட்டிப் பால் எடுக்கும் மனைவிக்குத்தான் கொடுக்கும். பாக்கியம் அக்கா அப்படி ஒருவர். அவர் கணவர் லோரியில் சரக்கு ஏற்றி இறக்குபவர். தோட்டத்தில் ஒரு நாளும் மரம் வெட்டியதில்லை. வீட்டுப் புத்தகத்தில் இருந்தது பாக்கியம் என்ற பெயர்தான். நானும் முதலில் அப்படியே பார்த்து எழுதினேன்.

அப்போதைய செயலாளர், இப்போது அவர் உயிரோடு இல்லை, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, புருசன் உசுரோட இருக்க வீட்டுக்கெல்லாம் பொம்பள பேரு? ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி கேப்பான். கேள்வியே வராத மாதிரி எழுதும்மா.” இவ்வளவுதான். மிரட்டவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. நான் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரு வாசலுக்கு ஒரு தலைவர், எல்லா வரியும் ஒரே மாதிரி. அது நேர்த்தி என்று நினைத்தேன். கணவன் இருந்த பெண்களின் பெயர்களை மாற்றிப் புதிதாக எழுதினேன். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், பத்தொன்பதாம் வரியில் பாக்கியம் அப்படியே இருந்தது. பக்கம் முழுவதையும் மறுபடி எழுத எனக்குச் சோம்பலாக இருந்தது. வெள்ளை மை பூசி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் அவர் கணவர் பெயரை எழுதினேன்.

நான் ஊதிக்கொண்டிருந்தபோது நீ பாக்கியம் அக்காவின் இடுப்பில் இருந்தாய். நான் தடையில்லாமல் எழுத வேண்டும் என்று அவர்தான் காலையிலிருந்து உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “என்னம்மா ஊதுறீங்க?” என்று கேட்டார்.

“ஒரு பேரத் திருத்துனேன்க்கா. உங்க வீட்டு வரிதான். உங்க வீட்டுக்காரர் பேரு போட்டிருக்கேன்.”

அவர் உன்னை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “அவரு தோட்டத்து ஆளு இல்லியே?”

“குடும்பத்துக்கு ஒரு பேருதான்க்கா போடணும். ரெண்டும் ஒண்ணுதான?”

“அதுவும் சரிதான், ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு, அழ ஆரம்பித்த உன் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. அதே மாதத்தில்தான் நானும் உன் அப்பாவும் இப்போது நாம் இருக்கும் இந்த வீட்டை வாங்கினோம். வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்திரத்தை நீட்டியபோது, என் பெயர் இருக்கிறதா, எழுத்துகள் அடையாள அட்டையில் உள்ளதுபோலவே இருக்கின்றனவா என்று மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ‘ரெண்டும் ஒண்ணுதான?’ என்று அங்கே நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பல வருடம் ஆயிற்று.

வீடுகள் வந்தன. தாமானுக்கு, அந்தப் புதுக் குடியிருப்புக்கு, குடிபோன அன்று ஐம்பத்திரண்டு வாசலிலும் கோலம் போட்டிருந்தார்கள். தலைவர் குழந்தைபோல் அழுதார். அது பொய் வெற்றி இல்லை, அதை நீ நம்பலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்ததையே சிலர் அரைமணி நேரம் நின்று பார்த்தார்கள். நீ சொல்லும் ‘கூரை முதலில்’ என்பதன் எடை எனக்குத் தெரியும், அதை அங்கே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உன் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பாக்கியம் அக்காவின் வீடு ஏழெட்டு வருடம் இருந்தது. ஒரு நாள் என் மருந்துக்கடைக்குக் கண் மருந்து வாங்க வந்தார். கல்லாவுக்கு எதிரே நின்று, ஊர்ச் செய்தி சொல்வதுபோல் சொன்னார். காலையில் ஒருவன் வந்து சன்னலுக்கு நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தானாம். “என்னாங்க அளக்குறீங்கன்னு கேட்டேன். புது வீட்டுக்காரரு கிரில் போடச் சொன்னாருன்னான். எந்த வீட்டுக்காரருன்னேன். அப்பதான் தெரிஞ்சுது.” கணவர் கெடா பக்கம் வேறொரு பெண்ணோடு போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அங்கிருந்தபடியே விற்றுவிட்டார். அவர் கையெழுத்து ஒன்றே போதுமானதாக இருந்தது. நான் மருந்துப் புட்டியின்மேல் ஒட்டும் சீட்டில் பாக்கியம் என்று எழுதினேன். பெயரை இரண்டு முறை சரிபார்ப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். தப்பான பெயருக்கு மருந்து கொடுத்தால் ஆளே போய்விடலாம். சரிபார்த்தேன். புட்டியைக் கொடுத்தேன். அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வந்து, எப்போதும்போல் நாற்காலிகளை எடுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து இன்றுவரை அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி: இவர் ஏன் இன்னும் வருகிறார்? போன ஞாயிறு கூட்டம் முடிந்து அவரை சுங்கை சிப்புட்டில் கொண்டுவிடப் போனபோதுதான் கேட்டேன். சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு மர லோரி. முந்தவும் முடியவில்லை, முகத்தைத் திருப்பவும் முடியவில்லை.

“அக்கா, இந்தக் கட்சி உங்களுக்கு என்னா செஞ்சுது? ஏன் விட்டுட்டுப் போகல?”

“எங்க போறது தங்கச்சி? கோயில்ல போயிக் கேட்டா சாமி பேச மாட்டேங்குது. ஆபீஸ்ல கேட்டா நாளைக்கு வான்னு சொல்றான். இங்க கேட்டாத்தான் எந்திரிச்சி நின்னு சண்டையாவது போடுறாங்க.” தானே சிரித்துக்கொண்டார். “சண்டை போடுற எடத்துலதான மனுசன் இருப்பான்?”

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அந்த லிஸ்ட எழுதுனது நான்தான். உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியாம? நீங்க ஊதுனீங்க, நான் பக்கத்துல நின்னேன்.”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

“நீங்க படிச்சவங்க. எனக்குத் தெரியாத எதுக்கோதான் செய்யிறீங்கன்னு நெனச்சேன்.” கொஞ்ச தூரம் போன பிறகு, “அப்புறம்தான் தெரிஞ்சுது, உங்களுக்கும் தெரியலன்னு” என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. என்மேல் ஏதோ இரக்கம் வந்தவர்போல் சொன்னார். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, “தம்பி நல்லா பேசுறான். ஒல்லியாயிட்டான், நல்லா சாப்பிடச் சொல்லுங்க” என்றார். உனக்கு எதிராக ஓட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கும் பெண் சொன்னது இது. வீடு திரும்பும்வரை ரேடியோவைக்கூட நான் போடவில்லை. மலையடியில் நின்று நிமிர்ந்து பார்க்கிறபோது கழுத்து வலிக்குமே, அப்படி ஒரு வலி இருந்தது எனக்கு.

அறிவுரை சொல்லும் தகுதி இந்த விஷயத்தில் எனக்குக் குறைவு. ஆனாலும் அம்மா என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன். ‘அப்புறம்’ என்று நாம் சொல்லும்போது, அந்த அப்புறத்தில் காத்திருக்கப் போவது யார் என்று ஒருமுறை திரும்பிப் பார். நான் ‘ரெண்டும் ஒண்ணுதான?’ என்று சொன்னபோது, ஒன்றாக இல்லாமல் போனால் தெருவுக்கு வரப் போவது நான் இல்லை. அதனால்தான் அவ்வளவு எளிதாகச் சொன்னேன். கேள்வியே வராதபடி எழுதப்பட்ட எதையும் இன்னொரு முறை படி. கெட்ட எண்ணத்தால் நான் அதைச் செய்யவில்லை. செய்தது மும்முரத்திலும், நல்ல காரியம் செய்கிறோம் என்ற மிதப்பிலும். உனக்கும் அந்த மிதப்பு வரும். உனக்கு என் மூக்கு, என் பிடிவாதம், என் நேர்த்தி எல்லாம் வந்திருக்கிறது. அதையெல்லாம் உன்னிடம் பார்க்கும்போது எனக்குப் பெருமையும் பயமும் சேர்ந்தே வருகின்றன.

நாளை நீ எப்படி வேண்டுமானாலும் பேசு. எதிர்த்தே பேசு, உன் காரணங்களில் நான்கில் மூன்றுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தைத் தூக்குவதற்கு முன் பின்பலகையைக் கழற்றி, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார். பத்தொன்பதாம் வரி. வெள்ளை மைக்குப் பின்னால் இன்னும் தெரியும். நான் அழுத்தி எழுதுகிறவள்.

உன் அம்மா.

மறுநாள் நடந்ததையும் இதே தாள்களோடு சேர்த்து எழுதி வைக்கிறேன். நீயும் அங்கே இருந்தாய். ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது மேடையிலிருந்து உனக்குத் தெரிந்திருக்காது.

காலையில் தேநீரோடு இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுத்தேன். மாடியில் படித்தாய். இறங்கி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காரில் கிளம்பினோம். புந்தோங்கில் நிறுத்தச் சொல்லி மேலே போய், செய்தித்தாளில் சுற்றிய சட்டத்தோடு வந்தாய். அதை மடியில் வைத்துக்கொண்டாய். காட்டத்தான் போகிறாய் என்று நினைத்தேன். இவ்வளவு எழுதியும் பிரயோசனம் இல்லை என்றும் நினைத்தேன், மன்னித்துக்கொள்.

மண்டபத்துக்கு நமக்கு முன்பே பாக்கியம் அக்கா வந்து நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். தீர்மானத்தை நான்கே வாக்கியத்தில் படித்துவிட்டு உட்கார்ந்தார். தலைவர் எதிர்த்துப் பேசினார். நன்றாகவே பேசினார், பெண்களிலும் சிலர் கை தட்டினார்கள். அப்புறம் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ சட்டைப் பையிலிருந்து பேச்சை எடுக்கவில்லை. சட்டத்தைக் கவிழ்த்து வைத்து, பின்பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாக வளைத்தாய். ஒலிவாங்கியில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. தாளை எடுத்துச் சன்னல் பக்கம் பிடித்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய்.

“இது நம்ம கட்சியோட வெற்றின்னு சொல்லத்தான் வந்தேன். வெற்றிதான். ஆனா பத்தொன்பதாவது வரியில ஒரு பேருக்குப் பின்னால இன்னொரு பேரு இருக்கு.” முதல் வரிசையைப் பார்த்தாய். “அக்கா, நான் சொல்லட்டுமா?”

“சொல்லுய்யா” என்றார் பாக்கியம் அக்கா. “எழுதுனவங்க பேரு மட்டும் வேணாம்.”

நான் எழுந்து நின்றேன். எழ வேண்டும் என்று முடிவு செய்த நினைவு இல்லை. என்னிடம் ஒலிவாங்கி இல்லை; என் குரல் மூன்று வரிசை தாண்டிப் போயிருக்காது. “எழுதுனது நான்தான். அது அவங்க வீடு. தோட்டத்துப் புத்தகத்துல அவங்க பேருதான் இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்” என்றேன். உட்கார்ந்தபோது கைப்பை கீழே விழுந்து சில்லறை உருண்டது. யாரும் சிரிக்கவில்லை.

நீ தொடர்ந்தாய். “எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. வீடு கைவிட்டுப் போச்சுன்னா, லயத்துக்குப் போயிச் சொல்லப் போறது நான்தான். ஆனா இந்தத் தீர்மானத்த எதிர்த்து என்னால பேச முடியாது.” அவ்வளவுதான் உன் பேச்சு. தாளை மறுபடி சட்டத்தில் வைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினாய்.

கைகளை இரண்டு முறை எண்ணினார்கள். நான்கு கை வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. உன் கை மெதுவாகத்தான் மேலே போனது, பார்த்தேன். மாசிலாமணி அண்ணன் எதிராகத்தான் தூக்கினார், கடைசிவரை இறக்கவில்லை. வீடுகள் கிடைக்குமா, மாதக் கடைசிக்குள் டெவலப்பர் என்ன சொல்வார், எதுவும் இன்று தெரியாது. உன் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, டெவலப்பரைப் பார்க்கப் போகும் குழுவின் பெயர்களைத் தானே எழுதி, தானே வாசித்தார். தோற்ற மனிதர் அப்படி நின்று வாசித்ததை நான் மறக்க மாட்டேன். முதலில் தன் பெயர். அடுத்தது உன் பெயர். நீ கை தூக்கினாய். மூன்றாவதாக, அம்மா என்றோ அக்கா என்றோ சேர்க்காமல், தாளில் இருந்தபடியே, “பாக்கியம்” என்றார்.

முன்வரிசையில் அவர் இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மண்டபத்தின் கடைசியில், இரண்டு கையிலும் மடக்கு நாற்காலிகளோடு நின்றிருந்தவர், அவற்றைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து, அந்த மண்டபத்துக்குத் தேவையே இல்லாத அளவு சத்தமாகச் சொன்னார்:

“இருக்கேங்க!”